வைஃபை காட் சாகவில்லை தங்கச்சி, முதலில் அதன் எண்ணைப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். கேட்டவர் களுவாஞ்சிகுடித் தங்கச்சி ஒருவர், வந்தாறுமூலை கம்பஸில் இரண்டாம் வருடம். கையில் இருப்பது 2014, 15 காலத்து எச்பி லப்டொப், அண்ணன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்த மெசினை ஏற்கவில்லை. அதனால் மச்சான் முறையான ஒருவர் வந்து லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் இல்லை, அந்தச் சின்னமே காணவில்லை. கடையில் காட்டினால், உள்ளே வைஃபை பிடிக்கிற அந்தச் சின்ன அட்டையைச் சொல்லி, "காட் செத்திட்டு, மாத்தணும்" என்கிறார்களாம். "அண்ணா, உண்மையிலேயே செத்திட்டா?" என்பதுதான் கேள்வி.

சாகவில்லை. முதல் நாள் வரை விண்டோஸில் ஓடிய காட், ஒரு பின்னேரத்தில் இயங்குதளத்தை மாற்றியதற்காகச் சாகாது. அதனோடு கதைக்க இந்தப் புதிய ஆளுக்குப் பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் நாள் முழுக்க விண்டோஸ் பார்க்கிற மனிதர், லினக்ஸைக் கொண்டுபோய் நீட்டினால் அவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் காசு கொடுத்து மாற்றுவதற்கு முன் ஒரு அரை மணித்தியாலம் நான் சொல்வதைச் செய்து பாருங்கள்.

விஷயம் இப்படி. வைஃபை காட் வேலை செய்ய இரண்டு சாமான் வேண்டும். ஒன்று ட்ரைவர், அது இயங்குதளத்தின் பக்கம் இருந்து காட்டோடு கதைக்கிற மென்பொருள். மற்றது ஃபேர்ம்வெயார், அது காட்டுக்கு உள்ளே ஓடவேண்டிய சின்ன மென்பொருள். பல காட்களில் அதை நிரந்தரமாகச் சேமித்துவைக்க இடம் கிடையாது, ஒவ்வொரு முறை மெசின் எழும்பும்போதும் இயங்குதளம்தான் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டுக்கு ஊட்டவேண்டும். ட்ரைவர் பெரும்பாலும் லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலுடனேயே வந்துவிடும். ஃபேர்ம்வெயார் கம்பனிக்காரனின் சொத்து, மூலநிரல் தரமாட்டான், சிலவேளை மற்றவர்கள் பகிரவும் விடமாட்டான். இதனாலேயே டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைச் செய்கிறவர்கள் வருடக்கணக்காகத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அதைச் சேர்க்காமல் இருந்தார்கள், 2022இல் வாக்கெடுப்பு வைத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல்தான் சேர்த்தார்கள். மின்ட் இந்த விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம் இல்லை, பெரும்பாலானவை கூடவே வரும். வராமல் போகிற சிலதில் ஒன்றுதான் உங்களுடையது என்று நினைக்கிறேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, முதல் வேலை. வைஃபை இல்லாமல் வைஃபை ட்ரைவரை எப்படி இறக்குவது? போன்தான். அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி கேபிளால் லப்டொப்பில் குத்துங்கள், போனின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் இருக்கிற இடத்துக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஒன் பண்ணுங்கள். ஒரு சில விநாடியில் மின்ட்டின் கீழ் வலது மூலையில் வயர் இணைப்பு வந்ததாகக் காட்டும், ஒரு ட்ரைவரும் போடத் தேவையில்லை, லினக்ஸ் அந்தப் போனை ஒரு சாதாரண நெட்வேர்க் காட்டாகவே எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்களில் அந்த வைஃபையே கேபிள் வழியாக லப்டொப்புக்குப் போகும், உங்கள் டேட்டா கரையாது. டெதரிங் பட்டன் மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிள்கள் நிறைய உண்டு, உள்ளே டேட்டாவுக்கான கம்பியே இருக்காது.

இந்த வசதி இல்லாத காலத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்லடியில் புதுப் பாலம் 2013இல் திறப்பதற்கு முன், ஒற்றை வழிப் பழைய பாலம் மட்டும் இருந்த காலம், என் வீட்டில் இன்டர்நெட் இல்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு சைக்கிளில் போய் பென்ட்ரைவில் ட்ரைவரை எடுத்துக்கொண்டு வந்து போட்டால், "இதற்கு இன்னொரு மென்பொருள் பொதி வேண்டும்" என்றது மெசின். திரும்பப் பாலம். அதைக் கொண்டு வந்தால் அதற்கு இன்னொன்று. மூன்றாம் தரம் போனபோது பாலத்தின் அந்தப் பக்கம் லொறி நின்றது, இந்தப் பக்கம் நான் வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றேன். அப்போதெல்லாம் விண்டோஸ் ட்ரைவரையே எடுத்து லினக்ஸுக்குள் திணித்து ஓடவைக்கிற என்டிஸ்ராப்பர் என்றொரு சாமான் இருந்தது, ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் மெசினே உறைந்து நிற்கும். பழைய வழிகாட்டிகள் எதிலாவது அந்தப் பெயரைக் கண்டால் அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுங்கள், இன்றைக்கு உங்களுக்கு அது தேவையில்லை.

இரண்டாவது வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம், நிறையப் பேர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். லப்டொப்பின் மொடல் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஒரே மொடலில், ஒரே வருடத்தில், கம்பனிக்காரன் அன்றைக்கு எது மலிவாகக் கிடைத்ததோ அதைப் போட்டுவிடுவான். உங்கள் சிநேகிதியின் எச்பிக்குச் சரிவந்தது உங்கள் எச்பிக்குச் சரிவராமல் போவது இதனால்தான். தேடவேண்டியது காட்டில் இருக்கும் சிப்பை. மின்ட் மெனுவில் 'சிஸ்டம்' என்று அடித்தால் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' என்று ஒன்று வரும் (புதிய பதிப்பென்றால் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பெயரிலேயே இருக்கலாம்). அதற்குள் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பகுதியைத் திறந்தால் ஒரு நீண்ட எழுத்துக்கூட்டம், அதில் 'நெட்வேர்க்' என்று தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். இரண்டு சாதனம் இருக்கும், ஒன்று கேபிள் குத்துகிற ஈதர்நெட், மற்றது வயர்லெஸ். வயர்லெஸ் வரியில் இரண்டு விஷயம் பாருங்கள். 'ட்ரைவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏதாவது பெயர் இருக்கிறதா, அல்லது 'என்/ஏ' என்று கிடக்கிறதா? 'சிப் ஐடி' என்ற இடத்தில் நடுவில் முக்காற்புள்ளி வைத்து நாலும் நாலுமாக எட்டு எழுத்து இருக்கும், அது என்ன?

முதல் நாலு கம்பனியைச் சொல்லும், அடுத்த நாலு சிப்பைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல். அது சும்மா எண் இல்லை, இங்கே மட்டக்களப்பில் சூறாவளி அடித்த அதே 1978இல் இன்டெல் வெளியிட்ட செயலியின் பெயர், பாசத்தில் தங்கள் அடையாள எண்ணாகவே வைத்துக்கொண்டார்கள். 168சி என்றால் ஏதரோஸ். இந்த இரண்டும் வந்தால் ட்ரைவர் தேடவேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது, கோளாறு வேறெங்கோ. 10ஈசி என்றால் ரியல்டெக். 14ஈ4 என்றால் புரோட்கொம்.

உங்களுடையது 14ஈ4 ஆக இருக்கும் என்பது என் ஊகம். அந்தக் காலத்து மலிவு லப்டொப்கள் பலவற்றில் புரோட்கொமின் பிசிஎம்43142 என்ற சிப் வந்தது, அதன் எண் 14ஈ4:4365. சின்னமே காணவில்லை என்கிறீர்களே, அது இதன் குணத்தோடு அப்படியே பொருந்துகிறது. புரோட்கொம்காரர் பல வருடம் லினக்ஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒரு கூட்டம் கம்பனியின் ட்ரைவரைப் பிரித்துப் பார்த்து சிப் எப்படி இயங்குகிறது என்று விவரம் எழுதியது, அந்த ட்ரைவரைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு கூட்டம் அந்த விவரத்தை மட்டும் படித்துப் புது ட்ரைவர் எழுதியது, சட்டச் சிக்கல் வரக்கூடாது என்பதற்காக. அப்படிப் பிறந்ததுதான் பி43 ட்ரைவர். அதில் உழைத்தவர்களில் லாரி ஃபிங்கர் என்ற பெயரை மட்டுமாவது தெரிந்து வைத்திருங்கள், பி43இலும் பிறகு ரியல்டெக் ட்ரைவர்களிலும் வருடக்கணக்காக வேலை செய்து, முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த மனிதர், 2024 ஜூனில் காலமானார். ஆனால் உங்கள் சிப்பைப் பி43 தாங்காது. அதற்கு வேண்டியது 'டபிள்யூஎல்' என்று புரோட்கொமே தந்த மூடிய ட்ரைவர். அதன் கடைசிப் பதிப்பு 2015இல் வந்தது, பிறகு கம்பனி கைகழுவிவிட்டது, ஒவ்வொரு புதுக் கேர்னலுக்கும் ஒட்டுப்போட்டு ஓடவைத்துக்கொண்டிருப்பது உபுண்டு, டெபியன்காரர்தான்.

போடுவது சுலபம். மெனுவில் 'ட்ரைவர் மனேஜர்' திறந்து பாஸ்வேர்டைக் கொடுங்கள், புரோட்கொம் பெயரோடு பிசிஎம்டபிள்யூஎல் என்று தொடங்கும் ஒன்றைக் காட்டும், அதைத் தெரிவு செய்து 'அப்ளை' அமத்துங்கள். போன் டெதரிங் சரிவராவிட்டாலும் பயமில்லை, மச்சான் மின்ட் போட்ட அந்தப் பென்ட்ரைவ் வீட்டில் கிடந்தால் அதைக் குத்துங்கள், இணைப்பு இல்லை என்று ட்ரைவர் மனேஜர் முறைப்பாடு சொல்லும்போது அந்தப் பென்ட்ரைவிலிருந்து எடுக்கவா என்று வழி காட்டும், புரோட்கொம் பொதிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று பி43க்கான பொதியையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒரு உறைக்குள் இரண்டு வாள் மாதிரி இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும்.

இப்போது எல்லாரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. உங்கள் மெசினில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி ஒன் ஆக இருந்தால், கையொப்பம் இல்லாத ட்ரைவரைக் கேர்னல் உள்ளே விடாது. அதனால் ட்ரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் புதிதாக உருவாக்கச் சொல்லும். இது உங்கள் லொகின் பாஸ்வேர்ட் அல்ல, ஒருமுறைப் பாவனைக்கு மட்டும், ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பிறகு ரீஸ்டார்ட் பண்ணும்போது மின்ட் வருவதற்கு முன் ஒரு நீலத்திரை வரும், ஏதாவது ஒரு விசையை அமத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். இந்தத் திரையைக் கண்டதும் நிறையப் பேர் பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள், அல்லது அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறார்கள். பத்து விநாடி போனால் அது தன்பாட்டில் மின்ட்டுக்குள் போய்விடும், ட்ரைவர் வட்டில் இருக்கும், ஆனால் ஏறாது, "போட்டேன் அண்ணா, ஒண்டும் நடக்கல்ல" என்று எனக்கு மெசேஜ் வரும். திரையைக் கண்டதும் ஒரு விசையை அமத்துங்கள், 'என்ரோல் எம்ஓகே', பிறகு 'கன்டினியூ', பிறகு 'யெஸ்', அந்தத் துண்டில் எழுதிய பாஸ்வேர்ட், பிறகு 'ரீபூட்'. தட்டும்போது எழுத்து திரையில் தெரியாது, தெரியாமலே தட்டுங்கள். செக்யூர் பூட்டை பயோஸில் (மெசின் எழும்பும்போது முதலில் ஓடுகிற அமைப்பில்) ஓஃப் பண்ணிவிடு என்று சொல்பவர்களும் உண்டு, மின்ட் மட்டும் இருக்கிற மெசினில் அது வேலைசெய்யும், ஆனால் விண்டோஸும் கூட இருந்து அதில் பிட்லொக்கர் என்ற வட்டுப் பூட்டுப் போட்டிருந்தால் அடுத்த முறை மீட்புச் சாவி கேட்டு நிற்கும், அந்தச் சாவி எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் அந்த வழியைச் சொல்வதில்லை.

ட்ரைவர் ஏறிய பிறகும் ஒரு நெட்வேர்க்கும் காட்டவில்லை என்றால் டேர்மினலை, அதாவது கட்டளை தட்டுகிற சாளரத்தை, திறந்து ஆர் எஃப் கே ஐ எல் எல் என்று ஆறு சிறிய எழுத்தைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு லிஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 'சொஃப்ட் பிளொக்ட் யெஸ்' என்று வந்தால் மென்பொருள் பூட்டு, லிஸ்ட் இருந்த இடத்தில் 'அன்பிளொக் வைஃபை' என்று அடித்தால் திறக்கும். 'ஹார்ட் பிளொக்ட் யெஸ்' என்றால் விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையை அல்லது பக்கவாட்டில் இருக்கிற சின்னச் சுவிட்சைத் தேடுங்கள். சிரிக்காதீர்கள், ஏறாவூரிலிருந்து ஒருவர் ஓட்டோ பிடித்துக் கொண்டுவந்த லப்டொப்பில் இருந்த வருத்தம் அந்தச் சுவிட்ச் மட்டும்தான், ஒரு நிமிஷ வேலைக்குக் காசு கேட்க எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

உங்களுடையது 10ஈசி, அதாவது ரியல்டெக் என்று வந்தால் கதை வேறு. அங்கே முக்கியம் கேர்னலின் வயது. 8821சிஈ என்ற சிப்புக்குக் கேர்னல் 5.9இலிருந்தும், புதிய மெசின்களில் வரும் 8852பிஈக்கு 6.2இலிருந்தும் ட்ரைவர் உள்ளேயே இருக்கிறது. மின்ட் 22 வருவதே 6.8உடன், ஆகவே மச்சான் போட்டது 22 என்றால் அவை தாமாகவே எழும்பியிருக்கும். பழைய மின்ட் பென்ட்ரைவ் ஒன்றை யாரோ ஐந்து வருடமாகச் சட்டைப்பையில் வைத்திருந்து போட்டுக் கொடுத்திருந்தால் ட்ரைவர் தேடி அலையாமல் புதிய மின்ட்டைப் போடுவதுதான் குறுக்கு வழி. மூலநிரல் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் ட்ரைவர் எடுத்துக் கையால் கட்டிப் போடலாம், செய்திருக்கிறேன், ஆனால் அதைக் கேர்னல் மாறும்போது தானாக மறுபடி கட்டுகிற விதத்தில் போடாவிட்டால், ஒரு அப்டேட்டோடு வைஃபை மறைந்துவிடும், அதுவும் அசைன்மென்ட் கொடுக்கவேண்டிய இரவு பார்த்து. அப்படி நடந்தால் மெசின் எழும்பும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' போய்ப் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள், அன்றைய இரவைக் கடத்திவிடலாம். டபிள்யூஎல்லுக்கும் இந்த வைத்தியம் பலிக்கும்.

ரியல்டெக்கில் இன்னுமொரு வேடிக்கை, 8723பிஈ. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தார், ரவுட்டரின் மேல் லப்டொப்பை வைத்தால் வேலை செய்கிறது, கதிரைக்குப் போனால் ஒரு கோடு, வாசலுக்குப் போனால் அதுவும் இல்லை. அடிமூடியைக் கழற்றினேன். காட்டில் அன்டனா கொழுவ இரண்டு சின்னப் பித்தளைப் பொட்டு, அரிசிமணி அளவு, ஒன்றில் கறுப்பு வயர் இருந்தது, மற்றது வெறுமை. லப்டொப் செய்த கம்பனி செலவைக் குறைக்க ஒரே ஒரு அன்டனாதான் வைத்திருக்கிறான், அதையும் இரண்டாவது பொட்டில் கொழுவியிருக்கிறான். ட்ரைவரோ முதலாவது பொட்டில் காதை வைத்துக்கொண்டிருக்கிறது. வயரைத் தொடவே இல்லை. அந்த ட்ரைவருக்கு 'ஆன்ட்செல்' என்றொரு அமைப்பு உண்டு (நடுவில் அடிக்கோடு வரும்), அதை 2 என்று எழுதி ஒரு கோப்பாக, ட்ரைவர் அமைப்புகள் இருக்கிற மொட்ப்ரோப் கோப்புறையில் வைத்து ரீஸ்டார்ட் பண்ணினேன், முற்றத்து மாமரம் வரைக்கும் பிடித்தது. சிலதுக்கு 2, சிலதுக்கு 1, மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். டபிள்யூஎல் ட்ரைவர் பழையது, டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை அதற்குத் தெரியாது, ஆகவே போன் ஹொட்ஸ்பொட்டின் பாதுகாப்பு அமைப்பு டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் சேராது, டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள். வீட்டு ரவுட்டர் மட்டும் கண்ணில் படவில்லை, பக்கத்து வீட்டுடையது எல்லாம் படுகிறது என்றால் உங்கள் ரவுட்டர் 12ஆம் அல்லது 13ஆம் சேனலில் (அலைவரிசையில்) நிற்கலாம், 1, 6, 11 என்பவற்றில் ஒன்றில் விடுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் மட்டும் காசைப் பற்றி யோசிப்போம். உள்ளே இருக்கிற காட்டை இன்டெல்லுக்கு மாற்றலாம், ஆனால் அந்த வயசு எச்பி, லெனோவோ சிலவற்றின் பயோஸ் தனக்குத் தெரியாத காட்டைக் கண்டால் எழும்பவே மறுக்கும், வாங்கிய பிறகு தெரிந்தால் காசு வீண். அதைவிட நகத்தளவு யூஎஸ்பி டொங்கிள் ஒன்று நல்லது. வாங்கும்போது பெட்டியின் மேலிருக்கிற வேக எண்ணைப் பார்க்காமல் உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள், ஏஆர்9271 அல்லது ஆர்டி5370 என்றால் குத்தியதும் லினக்ஸில் ஓடும், வேகம் பெரிதாக இராது, ஆனால் பாடம் படிக்கவும் சூம் வகுப்புக்கும் போதும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் லப்டொப்பையே கொண்டுபோய் அங்கேயே குத்திப் பாருங்கள். சில டொங்கிள் குத்தியதும் ஒரு சீடி மாதிரி டெஸ்க்டொப்பில் தோன்றும், விண்டோஸ் ட்ரைவரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற வகை அது, அந்தச் சீடியை 'இஜெக்ட்' பண்ணினால் சில விநாடியில் வைஃபையாக மாறிவிடும், அதற்குள் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. இப்போதைக்கு அந்த 'நெட்வேர்க்' வரிகளைப் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சிப் ஐடியின் எட்டு எழுத்தும் ட்ரைவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரியவேண்டும். 4365 என்று முடிந்தால் பதில் எழுதும்வரை காத்திருக்கவேண்டாம், ட்ரைவர் மனேஜரைத் திறந்து தொடங்கிவிடுங்கள், நீலத்திரை வரும்போது பக்கத்தில் இருங்கள்.